எலியை விடுங்கள், விசையைத் தொடுங்கள்!

ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்
மவுஸ்தானே நவீனம்? கீபோர்டு ஷார்ட்கட் எல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம் இல்லையா?

மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட், 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அதை ஊரறியக் காட்டினார். வலது கையில் மவுஸ். இடது கையில் என்ன தெரியுமா? ஐந்து விசைகள் கொண்ட சின்னப் பலகை. இடம் காட்ட ஒரு கை, கட்டளை கொடுக்க ஒரு கை. மவுஸின் தகப்பனுக்கே இரண்டு கையும் தேவைப்பட்டது. உங்கள் இடது கைக்கு மட்டும் ஏன் விடுமுறை?

கல்லூரி மாணவி, திருச்சி
ஒரு கிளிக்கில் முடிகிற வேலைக்கு ஷார்ட்கட் எதற்கு? எவ்வளவு நேரம் மிச்சமாகிவிடும்?

அளந்து பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். கார்ட், மோரன், நியூவெல் என்ற மூவர் 1980 இல் வெளியிட்ட கணக்கு இது: கை விசைப்பலகையிலிருந்து மவுஸுக்குத் தாவ 0.4 விநாடி. அம்பை இலக்கில் கொண்டு நிறுத்தச் சராசரியாக 1.1 விநாடி. தேர்ந்த விரல் ஒரு விசையைத் தட்ட 0.2 விநாடி. விநாடியை விடுங்கள். செய்கிற வேலையை விட்டுவிட்டு அம்பைத் தேடிக் கண் அலைகிறதே, அந்த நஷ்டம்தான் பெரிது.

ஜவுளிக் கடைக் கணக்கர், ஈரோடு
டாலியில் மவுஸைத் தொடாமலே நாள் முழுக்க என்ட்ரி போடுகிறேன். முதலாளி மகன் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்கிறார்.

எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசீப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். இந்த ஐந்தும் விரலில் இருந்தால் அதுதான் நடப்புப் பஞ்சாங்கம். தம்பியிடம் ஒரு கட்டு பில்லைக் கொடுத்து மவுஸால் ஏற்றச் சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டுக்குள் வழக்கு முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். 1986 இல் தொடங்கிய டாலியின் பின்னால் இருந்தது ஓர் அப்பாவும் மகனும். ஷியாம் சுந்தர் கோயங்காவுக்குத் தொழில் கணக்குப் பார்க்க மென்பொருள் வேண்டியிருந்தது. மகன் பரத் உட்கார்ந்து நிரல் எழுதினார்.

கணக்குப் பயிற்சியாளர், சிவகாசி
பாதி வவுச்சர் போட்ட பிறகுதான் அந்தப் பார்ட்டிக்கு லெட்ஜரே இல்லை என்று தெரிகிறது. வெளியே வந்து முதலிலிருந்தா?

ஆல்ட் + சி. வவுச்சர் அப்படியே காத்திருக்கும், லெட்ஜர் அங்கேயே பிறக்கும். கன்ட்ரோல் + ஏ அழுத்திச் சேமித்துவிட்டு விட்ட இடத்துக்கே வரலாம். பார்ட்டி பணம் தருவாரா என்பதற்கு மட்டும் விசை கிடையாது.

தட்டச்சுப் பயிலக உரிமையாளர், தஞ்சாவூர்
காப்பி–பேஸ்ட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?

லாரி டெஸ்லர். 1970களின் நடுவில், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் டிம் மாட்டுடன் சேர்ந்து ஜிப்ஸி என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினார். வெட்டு, நகலெடு, ஒட்டு மூன்றும் அதில் வந்தன. 2020 பிப்ரவரியில், 74 வயதில் காலமானார். இன்று உலகில் பாதி புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் அவர் போட்ட பிச்சை.

பள்ளி மாணவன், நாகர்கோவில்
பேஸ்ட்டுக்கு ‘பி’ தானே நியாயம்? ‘வி’ எப்படி வந்தது?

நியாயம் பார்த்திருந்தால் விரல் சுளுக்கியிருக்கும். ஆப்பிள் நிறுவனம் 1983 இல் வெளியிட்ட லிசா கணினியில் இசட், எக்ஸ், சி, வி என்று பக்கத்துப் பக்கத்து வீடுகளாகப் பார்த்துக் குடியமர்த்தினார்கள். ‘எக்ஸ்’ அடித்துவிட்ட குறி மாதிரி. ‘வி’யைத் தலைகீழாக்கினால், பிழை திருத்துபவர் சொல்லைச் செருகப் போடும் குறி. ‘பி’யோ வலது கோடியில் இருக்கிறது, அதைப் பிரின்ட் பிடித்துக்கொண்டது. இடது கை மூலையில் நான்கு விசை, நாற்பது ஆண்டு ஆட்சி.

தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்
எக்செலில் கன்ட்ரோல் + இசட் எத்தனை முறை காப்பாற்றும்?

நூறு முறை. எக்செல் 2003 இல் பதினாறுதான். 2007 பதிப்பில் தாராளம் காட்டினார்கள். ஆனால் ஒரு மேக்ரோ ஓடி ஷீட்டை மாற்றினால் அந்த நூறும் போச்சு. எனவே மேக்ரோவுக்கு முன் கன்ட்ரோல் + எஸ். மன்னிப்பு கிடைக்கும் என்பதற்காகத் துணிந்து தப்பு செய்யக்கூடாது.

வங்கி ஊழியர், கும்பகோணம்
கன்ட்ரோல் + ஆல்ட் + டெலீட்டுக்கு மட்டும் ஏன் இரண்டு கையும் வேண்டும்?

வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. 1981 இல் வந்த ஐபிஎம் பி.சி.யை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் பிராட்லி, கணினியை மறுபடி தொடங்க முதலில் கன்ட்ரோல் + ஆல்ட் + எஸ்கேப் என்று வைத்தார். இடது கை தவறிப் பட்டாலே மெஷின் படுத்து எழுந்தது. டெலீட்டைப் பலகையின் மறுகோடியில் பார்த்துச் சேர்த்தார். ஆபத்தான வேலைக்கு இரண்டு கை கேட்பது நல்ல வடிவமைப்பு.

அதே ஊழியர்
அப்படியானால் எங்கள் கணினியில் லாகின் செய்ய அதை ஏன் கேட்கிறது?

விண்டோஸ் என்.டி. 1993 இல் கொண்டுவந்த காவல். இந்த மூன்று விசையை விண்டோஸின் உட்கரு மட்டுமே கேட்கும். சாதாரண நிரல் இடையில் புகுந்து பிடிக்க முடியாது. ஆக, அழுத்திய பின் வரும் திரை அசல் திரை, பாஸ்வேர்டு திருடப் போட்ட வேஷம் இல்லை. ஒற்றை விசையே வைத்திருக்கலாம், அது தவறு என்று 2013 இல் பில் கேட்ஸே சொன்னார். தவறு ஆகட்டும், காவல் காவல்தான்.

பதிவு அலுவலக எழுத்தர், விழுப்புரம்
எக்செலில் தேதி அடித்து அடித்து விரல் தேய்கிறது.

கன்ட்ரோல் + அரைப்புள்ளி. இன்றைய தேதி விழும். ஷிப்ட்டையும் சேர்த்தால் மணி விழும். மேல் கட்டத்தில் இருப்பதே கீழேயும் வேண்டுமா? கன்ட்ரோல் + டி. கூட்டுத்தொகைக்கு ஆல்ட் + சமக்குறி. இந்த நான்கும் தெரிந்தால் ஐந்து மணிக்குக் கிளம்பலாம். ஐந்து மணிக்குக் கிளம்புவதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், ஓசூர்
கன்ட்ரோல் + கீழ் அம்பு அழுத்தினேன். எங்கோ பாதாளத்துக்குப் போய்விட்டேன். காப்பாற்றுங்கள்!

நீங்கள் நிற்பது 10,48,576 ஆவது வரி. எக்செலின் கடைசி வரி அதுதான், அதற்குக் கீழே பூமி இல்லை. கன்ட்ரோல் + ஹோம் அழுத்தினால் ஒரே தாவலில் வீடு. ஊர் சுற்ற ஆசையிருந்தால் காலி ஷீட்டில் கன்ட்ரோல் + வலது அம்பு: 16,384 ஆவது பத்தி, பெயர் எக்ஸ்எஃப்டி.

எம்.பி.ஏ. மாணவர், சேலம்
எக்செலுக்கு உலகப் போட்டி நடக்கிறதாமே? கதைதானே?

நிஜம். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ நய் 2021, 2022, 2023 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். 2023 இறுதிச் சுற்று லாஸ் வேகாஸில், பார்வையாளர்கள் முன்னிலையில், வர்ணனையுடன் நடந்தது. சுற்றுக்குச் சுற்று பின்தங்கியவர் வெளியேற வேண்டும். அங்கே போய் மெனுவைத் தேடிக்கொண்டிருந்தால் முதல் சுற்றிலேயே டிக்கெட் கிழியும்.

பொறியியல் மாணவி, காரைக்குடி
லினக்ஸில் விம் என்ற உரைத் தொகுப்பியைத் திறந்தேன். வெளியே வர வழி தெரியாமல் கணினியையே அணைத்துவிட்டேன்.

எஸ்கேப். பிறகு முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். எழுதியது எதுவும் சேமிக்கப்படாமல் விடுதலை. சேமித்து வெளியேற முக்காற்புள்ளி, டபிள்யூ, க்யூ, என்டர். உலகமெங்கும் நிரலர்கள் இந்தச் சிறையிலிருந்துதான் பட்டம் பெற்றார்கள்.

அதே மாணவி
அதில் அம்பு விசைக்குப் பதில் எச், ஜே, கே, எல் ஏன்?

விம்முக்கு முன்னோடி விஐ. பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய் 1976 இல் அதை எழுதியபோது அவர் முன்னால் இருந்தது ஏடிஎம்–3ஏ முனையம். அதில் தனி அம்பு விசை கிடையாது. எச், ஜே, கே, எல் மேலேயே அம்புகளை அச்சடித்திருந்தார்கள். முனையம் மியூசியத்துக்குப் போனது. பழக்கம் ஜிமெயில் வரை வந்தது. அமைப்புகளில் ஷார்ட்கட்டை இயக்கிவிட்டு ஜே, கே தட்டிப் பாருங்கள். கடிதங்கள் கீழும் மேலும் நகரும்.

சமூக சேவகர், புதுச்சேரி
மென்பொருள் எழுதுகிறவர்களில் மனசுள்ள ஒருவரைச் சொல்லுங்கள்.

விம் எழுதிய நெதர்லாந்துக்காரர் பிராம் மூலனார். 1991 முதல் அதை இலவசமாகத் தந்தார். பிடித்திருந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று, நிரல் திறக்கும் திரையிலேயே எழுதிவைத்தார். 2023 ஆகஸ்டில் மறைந்தார். அந்த வரி இன்னும் திறக்கிறது.

டிசைனர், சென்னை
ஆப்பிள் கீபோர்டில் உள்ள அந்தப் பூ மாதிரி சின்னம் என்ன?

முதலில் கட்டளை விசைக்கு ஆப்பிள் சின்னத்தையே போட்டிருந்தார்கள். மெனு முழுக்க ஆப்பிளாகக் கொட்டிக்கிடப்பதைப் பார்த்த ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கோபம் வந்தது. ஓவியர் சூசன் கேர் சின்னங்களின் அகராதி ஒன்றைப் புரட்டி இதை எடுத்தார். ஸ்வீடனில் பார்க்கத்தக்க இடங்களைக் காட்டும் பலகைக் குறி. உங்கள் விரல் தினமும் சுற்றுலா போகிறது.

அதே டிசைனர்
ஆப்பிள்காரர்கள் மவுஸ் பக்தர்கள் என்கிறார்களே?

1984 இல் வந்த முதல் மேக்கின் விசைப்பலகையில் அம்பு விசைகளே வைக்கவில்லை. எல்லாரும் மவுஸைத் தொட்டாக வேண்டும் என்ற கெடுபிடி. பிந்தைய மாடல்களில் அம்புகள் திரும்பி வந்தன. பயனர் விரலோடு மோதி எந்த நிறுவனமும் ஜெயித்ததில்லை.

ஆய்வு மாணவர், சிதம்பரம்
மவுஸ்தான் வேகம் என்று ஆப்பிளில் இருந்த ஒருவரே எழுதியிருக்கிறார். உங்கள் பதில்?

புரூஸ் டொக்னாஸினி. விசை வேகமாகத் தோன்றும், கடிகாரமோ மவுஸுக்கு ஓட்டுப் போடும் என்றார். விசையை யோசித்து எடுக்கிறவருக்கு அது உண்மை. யோசனைக்கும் விநாடி செலவு உண்டு. யோசிக்காமல் விரலே போனால் கதை மாறும். மாதம் ஒருமுறை வரும் வேலைக்கு மவுஸ், மணிக்கு ஒருமுறை வரும் வேலைக்கு விசை. தீர்ப்பு எழுதியாயிற்று.

பார்வையற்ற பட்டதாரி, மதுரை
எனக்கு விசைகள்தான் எல்லாம். ஆனால் பல இணையதளங்களில் ‘சமர்ப்பி’ பட்டனுக்கு டேப் அடித்துப் போகவே முடிவதில்லை. எங்கே முறையிடுவது?

உங்கள் கேள்வியை இந்தப் பகுதியிலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை 2006 இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன். ஜேம்ஸ் டே உடன் சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். ‘எச்’ தட்டினால் அடுத்த தலைப்பு, ‘கே’ தட்டினால் அடுத்த இணைப்பு, ‘பி’ தட்டினால் அடுத்த பட்டன். தளத்தைச் செய்தவர் ஒழுங்காகச் செய்திருந்தால்!

எல்லாச் செயலும் விசைப்பலகையால் முடிய வேண்டும் என்பது 2008 முதல் வலை அணுகல் நெறிகளின் அடிப்படை விதி. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மின்னணுச் சேவைகள் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. நிரலர்களே, ஒரு மணி நேரம் மவுஸைக் கழற்றி டிராயரில் வையுங்கள். பிறகு நீங்கள் செய்த தளத்தை நீங்களே ஓட்டுங்கள். மற்றவருக்குக் குறுக்குவழியாக இருப்பது இவருக்கு ஒரே வழி.

கேம் பிரியர், ஆவடி
ஷிப்ட்டை ஐந்து முறை தட்டினால் ‘ஸ்டிக்கி கீஸ்’ என்று ஒன்று குறுக்கே வருகிறது. என்ன தொல்லை இது?

இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த முடியாதவர்களுக்காக வைத்தது. கன்ட்ரோலைத் தட்டிக் கையை எடுத்துவிட்டு அப்புறம் சி தட்டலாம், காப்பி ஆகிவிடும். ஒரு கை மட்டும் உள்ளவர், ஒரு குச்சியால் தட்டுகிறவர் எல்லாருக்கும் அதுதான் துணை. உங்களுக்கு வேண்டாமென்றால் அமைப்புகளில் அந்த ஐந்து தட்டலை நிறுத்திவிடலாம். உங்கள் தொல்லை இன்னொருவருடைய இரண்டாவது கை.

இல்லத்தரசி, வேலூர்
‘நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க விண்டோஸ் + ஆர், பிறகு கன்ட்ரோல் + வி, பிறகு என்டர் அழுத்துங்கள்’ என்று ஒரு பக்கம் சொன்னது. அழுத்தலாமா?

கூடவே கூடாது! விண்டோஸ் + ஆர் திறப்பது கட்டளைப் பெட்டி. அந்தப் பக்கம் உங்கள் கிளிப்போர்டில் விஷக் கட்டளை ஒன்றை ஏற்கெனவே வைத்திருக்கும். கன்ட்ரோல் + வி அதை ஒட்டும், என்டர் அதை ஓட்டும். 2024 முதல் பரவிவரும் மோசடி இது. மனிதர் என்று நிரூபிக்க எந்த நேர்மையான தளமும் கட்டளைப் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. ஏற்கெனவே அழுத்தியவர்கள் இணையத்தைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930 ஐ அழையுங்கள். ஷார்ட்கட் திருடனுக்கும் தெரியும்.

பெயர் வேண்டாம், தாம்பரம்
மேலதிகாரி வரும்போது திரையைச் சட்டென்று மறைக்க?

விண்டோஸ் + டி. அவரும் அதை அழுத்தித்தான் மேலதிகாரி ஆனார், ஜாக்கிரதை.

அலுவலக மேலாளர், மதுரை
டீ குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில் என் மெயிலிலிருந்து ‘இன்று எல்லாருக்கும் பிரியாணி’ என்று யாரோ அனுப்பிவிட்டார்கள்.

எழும்போதே விண்டோஸ் + எல். திரை பூட்டிக்கொள்ளும். பிரியாணியை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பாடத்துக்கான கட்டணம்.

வழக்கறிஞர், திருநெல்வேலி
இருநூறு பக்கத் தீர்ப்பில் ஒரு பெயரைத் தேட நாள் போதவில்லை.

கன்ட்ரோல் + எஃப். சிரிக்காதீர்கள், தெரிந்தவர்களே! கூகுளில் தேடல் பழக்கங்களை ஆராய்ந்த டான் ரஸ்ஸல், பத்தில் ஒன்பது பேருக்கு இது தெரியவில்லை என்று 2011 இல் சொன்னார். ஆனால் ஒன்று: ஸ்கேன் செய்த படத் தீர்ப்பு என்றால் எழுத்துணரி ஓட்டிய பிறகுதான் அகப்படும். அதுவரை குமாஸ்தா வாழ்க.

கதாசிரியர், புதுக்கோட்டை
ஒன்றை காப்பி செய்தால் முந்தையது காணாமல் போகிறது.

விண்டோஸ் + வி. 2018 முதல் உண்டு. ஒருமுறை இயக்கிவிட்டால் கடைசியாக நகலெடுத்த 25 துண்டுகள் வரிசையாக நிற்கும். பாஸ்வேர்டை காப்பி செய்திருந்தால் அதுவும் நிற்கக்கூடும். வேலை முடிந்ததும் துடைத்துவிடுங்கள்.

தமிழாசிரியை, அரியலூர்
தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறி அடிக்க எளிய வழி?

மாற விண்டோஸ் + ஸ்பேஸ். அடிக்கத் தமிழ்99. 1999 இல் தமிழக அரசு ஏற்ற பலகை. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல்; நடுப் புள்ளியை அதுவே வைக்கும். மாணவர்களுக்கு முதல் நாளே இதைப் பழக்குங்கள். ஆங்கில எழுத்து வழியாகத் தமிழுக்கு வருவது, மதுரையிலிருந்து மதுரைக்கு டெல்லி வழியாக வருவது.

பொறியாளர், யாழ்ப்பாணம்
லினக்ஸ் டெர்மினலில் பழக்கதோஷத்தில் கன்ட்ரோல் + எஸ் அழுத்தினேன். எல்லாம் உறைந்துவிட்டது.

கன்ட்ரோல் + க்யூ, உறைந்தது உருகும். தொலையச்சு இயந்திரக் காலத்து விதி அது: எஸ் என்றால் நிறுத்து, க்யூ என்றால் தொடர். கன்ட்ரோல் + ஜி அடித்தால் மறுமுனையில் நிஜமாகவே மணி அடித்த காலம். கன்ட்ரோல் விசை நம் மேசைக் கணினியைவிட மூத்தது. மரியாதையாகத் தொடுங்கள்.

வாசகர், ராமநாதபுரம்
கேப்ஸ் லாக்கால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

சண்டை போடுகிறவர்களுக்கு. 1981 இன் ஐபிஎம் பலகையில் அந்த நல்ல இடத்தில், ‘ஏ’வுக்குப் பக்கத்தில், கன்ட்ரோல்தான் இருந்தது. பின்னர் வந்த பலகைகளில் அதைக் கீழே தள்ளிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் மூலம் கேப்ஸ் லாக்கையே கன்ட்ரோலாக்கலாம். சுண்டுவிரல் நன்றி சொல்லும்.

வீடியோ கேம் மாணவன், பொள்ளாச்சி
மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ! இதுவும் ஷார்ட்கட்தானே?

சாட்சாத். கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ 1986 இல் கிரேடியஸ் ஆட்டத்தை வீட்டுக் கருவிக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்க அது மிகக் கடினமாக இருந்ததால் வைத்த பின்வாசல். எடுக்காமலே ஆட்டம் வெளியாகிவிட்டது. டெஸ்லர் போன அதே 2020 பிப்ரவரியில் அவரும் போனார். விரல்களுக்கு அது துக்க மாதம்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மயிலாடுதுறை
அறுபதைத் தாண்டியாயிற்று. இத்தனையையும் எப்படி மனப்பாடம் செய்வது?

செய்யவே வேண்டாம், ஐயா. வேர்டில் ஆல்ட் விசையை ஒருமுறை தட்டுங்கள். எந்த எழுத்து எந்த மெனு என்று திரையே சொல்லும். பல செயலிகளின் மெனுவில் ஒவ்வொரு கட்டளைக்கும் வலப்பக்கம் அதன் விசை எழுதியிருக்கும். எஃப், ஜே விசைகளில் ஒரு சிறு மேடு தட்டுப்படும். ஆள்காட்டி விரல்களை அங்கே வைத்தால் கண் கீழே பார்க்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரே ஒரு விசை. நாலு மாதத்தில் பேரன் உங்களிடம் கேட்பான்.

வாசகி, திண்டுக்கல்
முடிவாக ஒரு வார்த்தை?

இன்று நீங்கள் அதிகமாகத் திறக்கும் மெனு எதுவோ, அதைத் திறந்து வலப்பக்கத்தைப் படியுங்கள். நாளை முதல் அந்த வேலைக்கு மவுஸைத் தொடாதீர்கள். பழகியதும் பக்கத்து இருக்கைக்காரருக்குச் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் மென்பொருள் எழுதுகிறவரானால், விசைப்பலகையால் முழுதும் ஓடுகிறதா என்று பார்க்காமல் எதையும் வெளியிடாதீர்கள்.